இன்ஜின் ஓடிய நேரம்

அறுபத்திரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். கல்லூரிக்கு வந்த பதினோரு வருஷத்தில் அந்த டீசல் இன்ஜின் ஓடிய மொத்த நேரம் அவ்வளவுதான். இன்ஜினின் பக்கவாட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மணி மீட்டர் இருந்தது. அது 62.7 என்று காட்டியது. அதில் நாலே கால் மணி நேரம் போன சனிக்கிழமை ஒரே நாளில் சேர்ந்தது. சேர்த்தவள் கவிநிலா, மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் மாணவி. பதினெட்டு ரீடிங் எடுத்திருந்தாள். பதினெட்டும் தப்பு என்று அவள் ரெக்கார்டு நோட்டில் துறைத் தலைவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

மெரினுக்கு இது திங்கட்கிழமை காலைதான் தெரிந்தது. லாஸ்பேட்டையில் இருந்த அந்தக் கல்லூரியில் அவள் லேப் இன்ஸ்ட்ரக்டர். சனிக்கிழமை அவள் அம்மா புஷ்பமேரிக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கியதில் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"போன்சூர் மேடம்," என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார் லூயிஸ். லேப் அட்டெண்டர். ஓய்வு பெற அவருக்கு இன்னும் பதினோரு மாதம். "நீ இல்லாத நாளாப் பாத்து உன் இன்ஜின ஒருத்தி கதறவுட்டுட்டா."

"யாரு?"

"வருவா. ராவெல்லாம் அழுத மூஞ்சியோட வருவா பாரு."

லேப் என்பது பெரிய தகரக் கொட்டகை. ஒரு மூலையில் சின்ன நீராவி இன்ஜின். பாய்லர் சான்றிதழ் காலாவதியான நாளிலிருந்து அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் சக்கரத்தில் லூயிஸ் சாப்பாட்டுப் பையை மாட்டிவைப்பார். ஓடக்கூடியது டீசல் இன்ஜின் ஒன்றுதான்.

அதன் திறனை அளக்கும் முறை எளிது. சக்கரத்தைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. ஓடுகிற சக்கரம் கயிற்றை இழுக்கும், கயிறு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். இந்த மல்லுக்கட்டு எத்தனை கிலோ, சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்தால் இன்ஜின் எவ்வளவு திறன் கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எடையைக் கூட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் அது திணறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அது புத்தகத்தில். இந்த லேபின் வழக்கம் வேறு. ஒவ்வொரு பேட்சுக்கும் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள். மூன்று கிலோ, ஆறு கிலோ, ஒன்பது கிலோ. அதோடு நிறுத்திவிட்டு எல்லோரும் மாஸ்டர் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வார்கள், அதனால் இரண்டாவது தசம இலக்கத்தை மட்டும் ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொள்வார்கள். கேன்டீனில் எந்தக் கிழமை சாம்பார் நன்றாக இருக்கும் என்று சொல்லித்தருவதுபோல இதையும் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இதுவரை ஐந்நூறு நோட்டாவது அப்படி எழுதப்பட்டிருக்கும்.

மாஸ்டர் நோட்டு மெரினுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன் இதே கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தபோது எழுதியது. அந்த வருஷத்தின் சிறந்த ரெக்கார்டு என்று பரிசு வாங்கியது. பதினைந்து கிலோவில் 3.68 கிலோவாட், அதாவது இன்ஜின் மேல் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும் ஐந்து குதிரைத்திறன் அப்படியே. துறைத் தலைவர் புருஷோத்தமன் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டுத் தன் அலமாரியில் வைத்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன் மெரின் இந்த வேலைக்கு வந்தபோது நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த நோட்டு எழுதுன பொண்ணுதானே நீ?"

கவிநிலா பதினோரு மணிக்கு வந்தாள். அழுத முகம் இல்லை. கோபத்தில் காது சிவந்திருந்தது.

"மேடம், நீங்களே பாருங்க. பன்னெண்டு கிலோ வரைக்கும் ஓடுது. பதிமூணு வெச்சா மூச்சு வாங்குது. பதினஞ்சு வெச்சா கறுப்பா பொகை தள்ளுது, சுத்து கொறைஞ்சுகினே வந்து நின்னுடுது. மூணு தடவ வெச்சுப் பாத்துட்டேன்."

மெரின் தாளை வாங்கினாள். "கயிறு தடிமன் சேத்தியா?"

"சேத்தேன் மேடம். பதினஞ்சு மில்லி. அத வுட்டா இன்னும் கொறையும்."

"தண்ணி ஊத்தனியா சக்கரத்துல?"

"ஊத்தனேன். ஊத்தும்போது தராசு முள்ளு ஆடுச்சு. அதயும் எழுதியிருக்கேன்."

எழுதியிருந்தாள். ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள். 'கயிறு வழுக்கியது.' 'முள் ஆடுகிறது, சராசரி எடுத்தேன்.' 'லூயிஸ் சார் ஜன்னலைத் திறந்ததும் புகை குறைந்தது.' கிராஃபில் புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. கிடைத்ததில் அதிகமானது 3.07.

எத்தனை நோட்டில் கையெழுத்துப் போட்டிருப்பாள் மெரின். இப்படி ஒரு தாளை அவள் பார்த்ததில்லை.

"எங்கப்பா நோணாங்குப்பத்துல போட் ஓட்டறாரு மேடம்," என்றாள் கவிநிலா. "ஆளு ஏற ஏற இன்ஜின் சத்தம் எப்டி மாறும்னு சின்னதுலேந்து கேட்டுகினு வர்றேன். இது பொய் சொல்ற சத்தம் இல்ல. இது முடியலன்னு சொல்ற சத்தம்."

மெரின் மறுபடி கிராஃபைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மட்டும் எப்டி மேடம் பதினஞ்சு இழுத்துச்சு?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மெரின் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்போ இன்ஜின் புதுசு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மெரின், கவிநிலா, லூயிஸ் மூன்று பேரையும் புருஷோத்தமன் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை முழுக்க ஃபைல். அடுத்த புதன்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. மூன்று நாளாக அவர் வீட்டுக்குப் போய்ச் சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வருவதாகப் பேச்சு. பார்த்தால் அது பேச்சு மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"நோட்டைத் திருப்பி எழுதுன்னு சொன்னேன்," என்றார் மெரினிடம். "மாட்டேன்றா. கிளாஸ்ல அறுபது பேரு முன்னாடி என்கிட்ட சொல்றா, மாஸ்டர்தான் சார் தப்புன்னு."

"நான் அப்டிச் சொல்லல சார். நான் எடுத்தத எப்டி மாத்தறதுன்னுதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. குழு வந்தா பழைய நோட்டு ஒண்ணு, புது நோட்டு ஒண்ணு எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. ஒரே இன்ஜின், ஒரே கயிறு. ஒண்ணுல 3.68, இன்னொண்ணுல 3.07. நான் என்னா பதில் சொல்றது?"

"அப்போ இன்ஜின் புதுசாம் சார்," என்றாள் கவிநிலா. "மேடமே சொன்னாங்க. இப்ப தேஞ்சுபோயிருக்கும்."

புருஷோத்தமன் மெரினைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயக்காட்டுல பத்தாயிரம் மணி நேரம் ஓடுன இன்ஜின் இன்னும் தண்ணி எறைச்சுகினு இருக்கு. இது ஓடுனது எவ்ளோ? அறுபத்திரண்டு மணி. நான் காலையில போயி மீட்டர் பாத்துட்டுத்தான் வர்றேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை மாதிரி மடிச்சு வெச்சிருக்கோம் அத. எப்டிம்மா தேயும்?"

கவிநிலா மெரினைத் திரும்பிப் பார்த்தாள். மெரின் தரையைப் பார்த்தாள். தான் சொன்ன ஒரு வார்த்தை இந்தப் பெண்ணின் கழுத்துக்கே திரும்பிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"லூயிஸ், நீதான ஸ்டார்ட் பண்ணிக் குடுத்த? பாத்தியா ரீடிங் எடுத்தத?"

"ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தேன் சார். அப்பறம் டீக்குப் போய்ட்டேன்."

"நாலு மணி நேரமா டீ குடிச்ச?"

"சனிக்கிழமை சார்."

கவிநிலாவுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. புருஷோத்தமன் சிரிக்கவில்லை.

"அப்ப பாத்த ஆள் யாருமில்ல. இன்ஜின் ஓடிச்சு, சரி. ஆனா ஓடவுட்டுட்டு ஒக்காந்து எதையோ எழுதியிருக்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஒரு லெட்டர் வேணும். எழுதிக்கோ." அவர் சொல்லச் சொல்ல அவள் நின்றபடியே நோட்டின் பின்னட்டையில் எழுதினாள். 'இன்ஜினை முறையாக இயக்கி அளக்காமல், அளவுகளைக் கற்பனையாக எழுதிச் சமர்ப்பித்தேன். இனி இவ்வாறு நடக்காது. மன்னிக்கவும்.' "கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஹால் டிக்கெட்டுல நான் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா திங்கக்கிழமை பிராக்டிகல் கெடையாது. அடுத்த வருஷம் வந்து எழுதிக்கலாம்."

அவள் போனதும் குரலைத் தணித்துக்கொண்டார். "மெரின், உன் கான்ட்ராக்ட் ரினிவல் பேப்பர் இங்கதான் இருக்கு. இந்த வேலை முடியட்டும், போட்டுடறேன். நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

வெளியே வராந்தாவில் லூயிஸ் மெரினோடு நடந்தார். தலைக்கு மேல் ஒரு சின்ன விமானம் ஏர்போர்ட் பக்கம் இறங்கியது. அதன் சத்தம் அடங்கட்டும் என்று லூயிஸ் காத்திருந்தார்.

"ஒம்போது வருஷத்துல நா எப்பனா வாயத் தொறந்தேனா?" என்றார்.

"இல்ல."

"நீயும் தொறக்காத. எழுதிக் குடுத்துட்டுப் போவட்டும். சின்னப் பொண்ணு. ஒரு வாரத்துல மறந்துடும்."

"நான் மறக்கலையே," என்றாள் மெரின்.

லூயிஸ் பையை எடுக்கப் போய்விட்டார்.

சாரம் பகுதியில் மெரினுக்கு இரண்டு அறை வீடு. புஷ்பமேரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து டி.வி.யைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கொரு தரம் கண்ணில் சொட்டு விட வேண்டும். மதியம் பக்கத்து வீட்டு மேனகா வந்து விட்டுப் போவாள். மெரின் கை கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் இமையை விரித்துப் பிடித்தாள். அவள் விரலில் டீசல் வாடை போகவே இல்லை.

"ரெண்டு நாளா எதுவும் பேச மாட்டற," என்றாள் புஷ்பமேரி.

"காலேஜ்ல ஒரு பொண்ணுக்குப் பிரச்சனை."

"உன்னாலயா?"

"ஆடாதம்மா. சொட்டு கன்னத்துல போவுது."

"கண்ணு தெரியாமக் கெடக்கறவகிட்ட மூஞ்சிய மறைச்சுக்கலாம். கொரல மறைக்க முடியாதுடி," என்றாள் புஷ்பமேரி. பிறகு, "பேப்பர்ல கையெழுத்து ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஆவட்டும். மொதல்ல அது ஆவட்டும்."

மெரின் சோறு வைத்தாள். ரசம் வைத்தாள். அம்மாவுக்குப் பிசைந்து கையில் கொடுத்துவிட்டுத் தான் நின்றபடியே சாப்பிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

வியாழக்கிழமை மாலை நாலரைக்கு லேப் காலியானது. லூயிஸை அவள் போகச் சொன்னாள். போகிறவர் வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

"தேவையா இது?"

"பாக்கணும்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

அவள் டீசல் ஊற்றினாள். கைப்பிடியைச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கயிற்றைத் தளர்த்திவிட்டு, எடை எதுவும் வைக்காமல், பத்து மில்லி டீசல் தீர எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்த்தாள். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா சுற்றுவதற்கே அது இவ்வளவு குடிக்கிறது. உராய்வோடு சண்டை போட்டே பாதி போய்விடுகிறது என்று நினைத்தாள். அதைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

மூன்று. ஆறு. ஒன்பது. அதுவரை அவளுக்குத் தெரிந்த சத்தம். இந்த லேபில் நாலு வருஷம் வேலை பார்த்தும் அவள் ஒன்பதுக்கு மேல் எடை வைத்ததில்லை. டீசல் வீண் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள். தன்னிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது கிலோவை மாட்டியபோது சத்தம் கனத்தது. கயிறு சூடேறி வாடை வந்தது. தண்ணீர் ஊற்றினாள். தராசின் முள் ஆடியது. ஆடும் என்று அந்தப் பெண் எழுதியிருந்தது சரி. பதிமூன்றில் சுற்று 1460-க்கு இறங்கி அங்கேயே நின்றது. கணக்குப் போட்டாள். 3.07-ஐ ஒட்டித்தான் வந்தது. கால்குலேட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டாள்.

பதினைந்து வைத்தாள். புகைக்குழாய் கறுப்பாகத் துப்பியது. இன்ஜின் ஒரு முறை முனகி, இடைவெளி விட்டு இன்னொரு முறை முனகி, சக்கரம் எண்ணிவிடக்கூடிய வேகத்துக்கு வந்து, நின்றது. கொட்டகை அமைதியானது. தகரத்தில் எங்கோ ஒரு ஆணி கிணுகிணுவென்று அதிர்ந்து அடங்கியது.

மீட்டரில் 63.5.

லாக் புத்தகம் சுவரில் சணல் கயிற்றில் தொங்கியது. இன்ஜின் வந்த நாளிலிருந்து ஒரே புத்தகம். தேதி, தொடங்கும்போது மீட்டர், முடியும்போது மீட்டர், யார், எதற்காக. லூயிஸ் டீக்குப் போவார், தூங்குவார், ஆனால் இதை மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. ஆடிட்டில் கேட்பார்கள் என்று பயம். மெரின் இன்றைய வரியை எழுதினாள். எழுதிவிட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். ஒன்பது வருஷம் புரட்ட அதிக நேரம் ஆகவில்லை. இன்ஜின் அவ்வளவுதானே ஓடியிருக்கிறது.

மார்ச் ஒன்பது. அவள் பெயர். இரண்டு எண்கள்.

பிறகு சணலை அவிழ்த்துப் புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்குப் புருஷோத்தமன் அறைக்கு வெளியே கவிநிலா நின்றிருந்தாள். கையில் நாலாக மடித்த தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மேடம். அப்பா எழுதிக் குடுத்துடுன்னுட்டாரு. 'கரையில நின்னு சண்டை போட்டுகினு இருந்தா சவாரி போயிடும்'னாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "கையெழுத்து மட்டும் போடல. போட வரல. சார் முன்னாடி போட்டுக்கறேன்."

"குடு, பாப்போம்."

மெரின் படித்தாள். அழகான கையெழுத்து. ஒரு வார்த்தை விடாமல் அவர் சொன்னபடியே இருந்தது. 'இன்ஜினை முறையாக இயக்கி அளக்காமல், அளவுகளைக் கற்பனையாக எழுதிச் சமர்ப்பித்தேன்.' அவள் அதை இரண்டு தரம் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நானும் வர்றேன்," என்றாள்.

உள்ளே புருஷோத்தமன் ஹால் டிக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே கவிநிலாவுடையது. பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட மாஸ்டர் நோட்டு, குழுவுக்குக் காட்ட எடுத்துவைத்தது.

"வந்துட்டியா? போடும்மா கையெழுத்து, முடிச்சுடலாம். எனக்கும் முடியல."

கவிநிலா பேனாவைத் திறந்தாள். தாளுக்காக மெரின் பக்கம் கை நீட்டினாள்.

"சார், நேத்து சாயங்காலம் நான் இன்ஜின ஓட்டிப் பாத்தேன்," என்றாள் மெரின். "பதிமூணுக்கு மேல இழுக்கல. அவ எழுதுனது சரி."

அவர் ஹால் டிக்கெட்டை மேஜையில் வைத்தார். "அப்ப இன்ஜின்ல எதுனா கோளாறு. டீம் வர்ற நேரத்துல இத எங்கிட்ட ஏம்மா சொல்ற? அறுபத்திரண்டு மணி ஓடுனது எப்டிக் கெடும்? நீ எடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

மெரின் பையிலிருந்து லாக் புத்தகத்தை எடுத்தாள். உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து மாஸ்டர் நோட்டின் மேல் வைத்தாள். வரியைக் காட்டவில்லை. அவரே தேடிக் கண்டுபிடித்தார்.

"மார்ச் ஒம்போது. மெரின், மூணாம் வருஷம், திறன் அளவு." கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "தொடக்கம் 11.4." கொஞ்சம் நிறுத்தினார். "முடிவு 11.4."

கவிநிலா எட்டிப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் புத்தகத்தின் பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது. புருஷோத்தமன் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவை ஒருக்களித்துத் திறந்துவைப்பவரைப்போல மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கி மீட்டர் ரிப்பேரா?"

ஆமாம் என்றால் போதும். ரினிவல் பேப்பர் அவர் முழங்கைக்குக் கீழே ஃபைலில் இருந்தது, அதன் நுனி தெரிந்தது. கவிநிலாவின் பேனா திறந்தபடியே இருந்தது.

"மீட்டர் நல்லாத்தான் சார் இருந்துச்சு," என்றாள் மெரின். "இன்ஜின்தான் ஓடல. டீசல் பைப் ஒடைஞ்சு கெடந்துச்சு, மறுநாள் நோட்டு வெக்கணும். அஞ்சு குதிரைத்திறன்னு தகட்டுல போட்டிருந்தத வெச்சுப் பின்னாடியே கணக்குப் போட்டு, அந்த நோட்டுல இருக்கற அத்தனை ரீடிங்கையும் நான் வீட்ல ஒக்காந்து எழுதுனேன்."